பிணமே சாட்சி சொல்லும் உலகில் கொலைவழக்கை நடத்துவது எப்படி?

உப்பளத்தான் (இழையைத் தொடங்கியவர்):

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் குழுவினர் சனிக்கிழமை இரவுகளில் இணையவழியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைப் பின்பற்றுகிறோம். ஆட்டத்தை நடத்துபவன் நான். நிலவறை, பூதம், புதையல் என்றே ஓடிக்கொண்டிருந்த கதைக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று கொலைவழக்கு ஒன்றை உருவாக்கி, மூன்று வாரம் உட்கார்ந்து பதினோரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். துறைமுக நகரம் ஒன்றில் உப்பு வணிகர் ஒருவர் தம் கிடங்கிலேயே குத்துண்டு கிடக்கிறார். சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆறு பேர்; ஒவ்வொருவரிடமும் ஒரு பொய்யும் அந்தப் பொய்க்கு ஒரு காரணமும் உண்டு.

ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கியது. 9.20 மணிக்கு வழக்கு முடிந்துவிட்டது. குழுவிலிருந்த கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் ஏவும் பூசாரிப் பாத்திரம்), ‘ஸ்பீக் வித் டெட்’ என்னும் பிணத்தோடு பேசும் மந்திரத்தை ஏவி, “உங்களைக் கொன்றது யார்?” என்று கேட்டார். பிணம் பொய் சொல்வதற்கு எனக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. “கணக்குப்பிள்ளை” என்றேன். பத்து பக்கம் மீந்துவிட்டது.

என் ஐயம் இதுதான். பிணம் பேசும், பொய் சொல்பவனின் நாக்கு கட்டுப்படும், மனத்துக்குள் ஓடும் எண்ணத்தைப் பிறர் படிக்க முடியும் என்றிருக்கும் உலகில் துப்பறியும் கதைக்கு இடம் இருக்கிறதா? இருக்கிறதென்றால் நான் தவறியது எங்கே?

இரும்புவாள்:

இந்த வகை மந்திரங்களை முதல் நாளிலேயே விலக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. துப்பறியும் கதைகளுக்கு எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் 1929ஆம் ஆண்டில் வகுத்த பத்து விதிகளில் இரண்டாவது, இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்தி எதற்கும் கதையில் இடமில்லை என்பதாகும். அவர் காரணம் இல்லாமலா சொன்னார்? வாசகனும் துப்பறிபவனும் ஒரே தரையில் நிற்க வேண்டும். “எங்கள் நாட்டில் இறந்தவர்கள் பேசுவதில்லை” என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்குங்கள்.

நாலாம்பகடை:

இரும்புவாள் ஐயா சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேய், பிசாசு, சாபம் என்று போராடி ஐந்தாம் நிலைக்கு வந்த கிளெரிக்கிடம், அவர் அந்நிலையில்தான் முதன்முதலாகப் பெறும் மூன்றாம் மட்ட (மந்திரத்தின் வலிமைப் படி) மந்திரம் ஒன்றை “இது இந்த வாரம் வேலை செய்யாது” என்று பிடுங்கிக்கொண்டால், நாம் வழக்கைக் காப்பாற்றினாலும் ஆட்டக்காரரை இழப்போம். ஆகவே மந்திரத்தைத் தடுப்பதற்கு முன்னால், அதன் விதியைச் சொல் சொல்லாக ஒருமுறை படிக்கச் சொல்வேன். உப்பளத்தான் அதைப் படித்திருந்தால் 9.20க்கு வழக்கு முடிந்திருக்காது என்பது என் துணிபு.

விதி சொல்வது இது. பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். ஐந்து கேள்விகள்தான் கேட்கலாம். உயிரோடிருந்தபோது தெரிந்தது மட்டுமே அதற்குத் தெரியும்; இறந்தபின் நடந்தது எதுவும் அதற்கு எட்டாது. ஆன்மா திரும்பி வருவதில்லை. பதில்கள் பெரும்பாலும் சுருக்கமாகவோ புதிராகவோ சொன்னதையே திரும்பச் சொல்வதாகவோ இருக்கும். கேட்பவரைப் பகைவர் என்று பிணம் கண்டுகொண்டால் உண்மை சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. பின்னாலிருந்து குத்தப்பட்டவர், உறக்கத்தில் கொல்லப்பட்டவர், நஞ்சிட்ட கிண்ணத்தை யார் நிரப்பினார்கள் என்று அறியாதவர் ஆகியோரிடம் “யார்” என்று கேட்டுப் பயனில்லை.

நான் மிகவும் இரசிக்கும் வரி வேறொன்று. கடந்த பத்து நாள்களுக்குள் ஒருமுறை இம்மந்திரத்துக்கு உட்பட்ட பிணத்தின்மீது அது மறுபடியும் பலிக்காது. கொலைகாரனே மந்திரம் அறிந்தவனாக இருந்தால், கொன்ற கையோடு அவனே பிணத்தைப் பேசவைத்து, “இன்று வானிலை எப்படி?” என்று ஐந்து வெட்டிக் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். பிணத்தின் வாய் பத்து நாளைக்கு அடைபட்டுவிடும். இறந்தவரை உயிர்ப்பிக்கும் ‘ரெய்ஸ் டெட்’ மந்திரத்துக்கும் அதே பத்து நாள்தான் கெடு. பதினோராம் நாள் பிணம் மீண்டும் பேசத் தயாராகும்போது, உயிர்ப்பிக்கும் வாய்ப்பு போயிருக்கும். இந்த இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவே ‘ஜென்டில் ரிப்போஸ்’ என்ற மூன்றாவது மந்திரம் நிற்கிறது. அது பிணத்தை அழுகாமல் காப்பதோடு, உயிர்ப்பிக்கும் கெடுவில் அந்த நாள்கள் கணக்காகாமலும் பார்த்துக்கொள்ளும். அப்படியானால் பிணத்தை முதலில் கண்ட காவலன் செய்ய வேண்டிய முதல் வேலை, இரத்தக் கறையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கிளெரிக்கை எழுப்பிக் கூட்டிவந்து அந்த மந்திரத்தை ஏவச் சொல்வதுதான். அதை வேண்டுமென்றே தாமதப்படுத்திய காவலன் யார் என்பதே ஒரு வழக்காகும்.

உப்பளத்தான்:

பத்து நாள் வரியை நான் கவனிக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பிணத்தின் வாயை அடைத்தபின் சந்தேகத்துக்கு உரிய ஆறு பேரையும் பாலடின் (தெய்வ ஆற்றல் கொண்ட வீரர் பாத்திரம்) ஒரு வட்டத்துக்குள் நிறுத்தி, ‘ஸோன் ஆஃப் ட்ரூத்’ என்னும் உண்மை மந்திரத்தை ஏவினால் கதை மறுபடியும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடாதா?

வக்கீல்வீட்டுப்பெண்:

நான் வழக்கறிஞர். பகலில் சாட்சியங்களோடு மல்லுக்கட்டிவிட்டு இரவில் ரோக் (கள்ளத் திறன் தேர்ந்தவர்) பாத்திரத்தில் பூட்டுத் திறப்பவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு இரட்டிப்பு விருந்து.

உண்மை வட்டத்தின் விதியை முதலில் பார்ப்போம். பதினைந்து அடி ஆரமுள்ள பரப்பு, பத்து நிமிட நேரம். உள்ளே வருபவர் பகடை உருட்டித் தோற்றால் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. ஆனால் மந்திரத்துக்கு உட்பட்டிருப்பது அவருக்கே தெரியும். அவர் வாயை மூடிக்கொள்ளலாம், உண்மையின் எல்லைக்குள் நின்றபடி சுற்றி வளைத்தும் பேசலாம். அவர் மந்திரத்துக்கு உட்பட்டாரா, தப்பினாரா என்பது ஏவியவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். இந்தக் கடைசி விதியில்தான் என் தொழில் புத்தி போய் நிற்கிறது. “குற்றவாளி மந்திரத்துக்கு உட்பட்டார், ஆகவே அவர் சொன்னது உண்மை” என்று பாலடின் சொல்கிறார். பாலடின் சொல்வது உண்மை என்பதற்கு யார் சாட்சி? அவரை இன்னொரு வட்டத்தில் நிறுத்த வேண்டும். அந்த வட்டத்தை ஏவியவரை மற்றொன்றில். கடைசியில் ஏதோ ஒரு மனிதரின் சொல்லை நம்பித்தான் தீர வேண்டியிருக்கிறது. அந்த மனிதரின் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதுதான் குறுக்கு விசாரணை.

நம் ஊரில் இதற்கு மிக அருகில் வந்த வழக்கு ஒன்று உண்டு. நார்கோ பகுப்பாய்வு (மருந்து கொடுத்துப் பேசவைப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), மூளை அலைச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக நடத்தலாமா என்ற கேள்வி, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 2010 மே மாதத்தில் வந்த தீர்ப்பு, கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவை அது மீறும் என்பது முதன்மையான காரணம். தாமே இசைந்து சோதனைக்கு உட்பட்டாலும், அதன் முடிவை அப்படியே சாட்சியமாக ஏற்க முடியாது. அதன் உதவியால் பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளை ஏற்கலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. இதை அப்படியே உங்கள் துறைமுக நகரத்துச் சட்டமாக எழுதிவிடுங்கள். வட்டத்தில் நின்று கணக்குப்பிள்ளை “நான்தான் குத்தினேன்” என்று சொன்னாலும் அது செல்லாது. “கத்தியை மூன்றாவது உப்பு மூட்டைக்குள் புதைத்தேன்” என்று சொல்லி, கத்தியும் கிடைத்தால் அந்தக் கத்தி செல்லும். மந்திரம் துப்புக் கொடுக்கும். வழக்கை நிரூபிக்கும் பொறுப்பு ஆட்டக்காரர்களிடமே இருக்கும்.

பிணத்தின் பேச்சை என்ன செய்வது என்பது இன்னும் சுவையானது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32(1) பிரிவில் மரண வாக்குமூலம் பேசப்படுகிறது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்துவிட்டாலும் கருத்து தொடர்கிறது. தம் இறப்புக்கு என்ன காரணம் என்று சொல்லிவிட்டு ஒருவர் இறந்துபோனால், சத்தியப் பிரமாணமும் குறுக்கு விசாரணையும் இல்லாமலேயே அவர் சொல் ஏற்கப்படும். ஆனால் அப்போது அவர் தெளிந்த மனநிலையில் இருந்தாரா, யாரேனும் சொல்லிக்கொடுத்தார்களா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். நம் பிணமோ இறந்தபின் பேசுகிறது. ஆன்மாவும் அதனிடத்தில் இல்லை. மரண வாக்குமூலம் ஏற்கப்படுவதற்குப் பழைய நியாயம், கடவுளின் முன் நிற்கப் போகிறவன் வாயில் பொய் வராது என்பது. ஆன்மா இல்லாத வாய்க்கு அந்த நியாயம் பொருந்துமா? இரண்டு பூசாரிகளை எதிரெதிரே நிறுத்தி இதை வாதிட வைத்தால் ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

இரும்புவாள்:

அம்மா, நீதிமன்றம் இருக்கும் நகரத்துக்கு நீங்கள் சொல்வது சரி. எங்கள் குழுவினர் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் இல்லை. வட்டத்துக்குள் ஒருவன் வாயை மூடிக்கொண்டால் அதையே ஒப்புதலாகக் கொண்டு வாளை உருவுவார்கள்.

வக்கீல்வீட்டுப்பெண்:

அப்படியானால் அந்த ஆறு பேரில் குற்றமற்றவர்கள் இருவருக்காவது வாயை மூடிக்கொள்ள நல்ல காரணம் கொடுத்துவிடுங்கள். ஒருவன் கொலை நடந்த இரவில் சுங்கம் கட்டாத சரக்கை இறக்கிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி சொல்லக் கூடாத வீட்டில் இருந்தாள். மௌனம் கொலைக்கு அடையாளமாகாது என்பதை ஒரு தவறான வாள்வீச்சு கற்றுக்கொடுத்துவிடும்.

ஏடெடுத்தவர்:

தமிழாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். என் பேரனோடு ஆடத் தொடங்கி இரண்டு ஆண்டாகிறது. இந்த இழையைப் படித்தபோது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை நினைவுக்கு வந்தது. கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைத் தண்டனைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு ஒரு பாடமே நடத்துகிறான். கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று சொல்லி, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று அடுக்குகிறான். மந்திரத்தை நாவில் ஓதினால் தேவகுமாரரைப் போல அவர்கள் நம் கண்ணுக்குத் தென்படுவார்களா என்று கேட்கிறான்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் காட்சியில் எவரும் எந்த மந்திரத்தையும் பயன்படுத்தவில்லை என்பதுதான். மந்திரம் இருக்கக்கூடும் என்ற அச்சம் ஒன்றே போதுமானதாக இருந்தது. அடையாளம் பொருந்தாததையே “பார்த்தீர்களா, எவ்வளவு தேர்ந்த கள்வன்” என்பதற்குச் சான்றாக அவன் திருப்பிவிட்டான். அதற்கு எதிராகக் கண்ணகி கொண்டுவந்தது கையில் எடுத்து உடைத்துக் காட்டக்கூடிய ஒரு பொருள். அரசியின் சிலம்பில் முத்துப்பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப்பரல். உப்பளத்தான் தம் நகரத்தில் ஒரு பொற்கொல்லனை வைக்கலாம். “மந்திரவாதிதான் செய்திருப்பான், தடயம் தேட வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே இருப்பவனாக.

நாலாம்பகடை:

ஐயா சொன்னதை ஒட்டி, கடல் கடந்த சான்று ஒன்றையும் வைக்கிறேன். 1692ஆம் ஆண்டு மாசசூசெட்ஸின் சேலம் நகரத்தில் சூனிய வழக்குகள் நடந்தபோது, “இன்னாரின் உருவம் இரவில் வந்து என்னை வதைத்தது” என்ற வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வழக்குகளைப் பற்றி மதகுருமார் எழுப்பிய கேள்வி நம் விளையாட்டுக்கு அப்படியே பொருந்துகிறது: குற்றமற்ற ஒருவரின் உருவத்தைச் சாத்தான் எடுத்துக்கொள்ள முடியுமா, முடியாதா? முடியும் என்றால் கண்ணால் கண்டது சான்றாகாது. 1693ஆம் ஆண்டு புதிய நீதிமன்றம் உருவச் சாட்சியத்தை ஒதுக்கியதும் பெரும்பாலானோர் விடுதலை பெற்றார்கள்.

நம்மிடம் அது முதல் மட்ட மந்திரம். ‘டிஸ்கைஸ் செல்ஃப்’ கற்ற எவனும் ஒரு மணி நேரத்துக்கு இன்னொருவன் தோற்றத்தில் நடமாடலாம். இப்படிப்பட்ட உலகில் நேரில் கண்ட சாட்சியின் மதிப்பு நம் உலகில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். கொலையுண்டவரும் நேரில் கண்ட சாட்சிதான். பிணம் பொய் சொல்ல வேண்டியதில்லை, பிணம் ஏமாந்திருந்தால் போதும். இதைவிடக் கொடியது ஐந்தாம் மட்டத்து ‘மாடிஃபை மெமரி’. கடந்த ஒரு நாளுக்குள் நடந்த பத்து நிமிட நினைவை மாற்றி எழுதிவிட்டால், குற்றமற்றவன் உண்மை வட்டத்துக்குள் நின்றுகொண்டு மனசாட்சியோடு “நான்தான் கொன்றேன்” என்பான். அதற்கு மாற்று ‘ரிமூவ் கர்ஸ்’ அல்லது ‘கிரேட்டர் ரெஸ்டோரேஷன்’. ஆகவே அறிவுள்ள நகரத்தில் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் ஒவ்வொருவர்மீதும் அதை ஏவும் வழக்கம் இருக்கும்.

பேரலை:

நான் புதியவள், ஒரு சிறு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். இந்த மந்திரங்களின் விலையைப் பாருங்கள். பிணத்தைப் பேசவைக்கத் தேவையான பொருள் எரியும் சாம்பிராணி. உயிர்ப்பிக்கத் தேவையானது 500 பொற்காசு மதிப்புள்ள வைரம். விதிநூலில் பயிற்சியில்லாத கூலியாளின் நாள் சம்பளம் இரண்டு வெள்ளிக்காசு. பத்து வெள்ளி ஒரு பொன். அந்த வைரம் அவருக்கு 2,500 நாள் கூலி, ஏறத்தாழ ஏழு ஆண்டு உழைப்பு. கூலிக்காரர் கொல்லப்பட்டால் அவர் பிணம் சாட்சி சொல்லும். செல்வர் கொல்லப்பட்டால் அவரே நடந்துவந்து சாட்சி சொல்வார். இந்த வேறுபாடு தெரியாத கொலைகாரன் அந்த நகரத்தில் இருக்க மாட்டான். செல்வரைக் கொல்பவன் தலையைக் கொண்டுபோய்விடுவான். தலையில்லாத உடலில் ‘ரெய்ஸ் டெட்’ பலிக்காது, வாயில்லாத உடல் பேசவும் செய்யாது.

வக்கீல்வீட்டுப்பெண்:

உயிர்த்தெழுந்தவரைக் கொன்ற குற்றத்துக்குத் தண்டனை கொலைக்கா, கொலை முயற்சிக்கா என்று யோசித்து எனக்குத் தூக்கம் போய்விட்டது, பேரலை. நன்றி என்று சொல்லத் தோன்றவில்லை.

நாலாம்பகடை:

இந்தக் கேள்விகளை உலகத்தின் அடித்தளத்திலேயே வைத்த ஆட்டக்களம் ஒன்றும் இருக்கிறது. கீத் பேக்கர் உருவாக்கி 2004ஆம் ஆண்டு வெளியான எபரானில் சிறு மந்திரம் என்பது தச்சு, கொல்லு போல ஒரு தொழில். கண்டறியும் குறி (உடலில் தோன்றி மந்திர ஆற்றல் தரும் அடையாளம்) மெடானி குடும்பத்துக்கும், தேடிக் கண்டுபிடிக்கும் குறி தராஷ்க் குடும்பத்துக்கும் பரம்பரைச் சொத்து. துப்பறிவோர் பலர் இவர்களிடம் உரிமம் பெற்றே தொழில் செய்கிறார்கள். மந்திரத்தால் துப்பறிவது அங்கே கதையைக் கொன்றுவிடவில்லை. அவ்வுலகின் ஷார்ன் நகரத்தில் துப்பறியும் கதைகள்தாம் அதிகம் ஆடப்படுகின்றன என்று என் பழக்கத்திலிருந்து சொல்வேன். அந்த உலகத்துக் குற்றவாளிகளும் அதே ஊரில் வளர்ந்தவர்கள் அல்லவா? பொருளைத் தேடும் மந்திரத்தை மெல்லிய ஈயத்தகடு மறித்துவிடும் என்று விதி சொன்னால், திருட்டுப் பொருள் வாங்குபவன் கடையில் ஈயம் பூசிய பெட்டி இல்லாமல் இருக்காது. ஆகவே ஈயத்தகடு யாரிடம் விற்றது என்று விசாரிப்பதே அங்கே துப்பாகிவிடும்.

இன்னொன்று, உப்பளத்தான். எந்த முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகள் வேண்டும் என்று இவ்வகை ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்ஸாண்டர் 2008ஆம் ஆண்டு எழுதிய விதியை மறக்காதீர்கள். உங்கள் வழக்கில் நடந்ததைத் திருப்பிப் பார்த்தால், ஒரே துப்பு முழு விடையையும் சொல்லிவிட்டது. மந்திரத்திடமிருந்து எப்போதும் விடையில் ஒரு துண்டுதான் கிடைக்க வேண்டும்.

இரும்புவாள்:

சரி, நான் பாதி இறங்கி வருகிறேன். விலக்க வேண்டாம். ஆனால் மனத்தைப் படிக்கும் ‘டிடெக்ட் தாட்ஸ்’ மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எண்ணத்தை அப்படியே படித்துவிட்டால் பிறகு என்ன இருக்கிறது?

நாலாம்பகடை:

மேலோட்டமான எண்ணம் மட்டுமே எளிதில் தெரியும். கொலை நடந்த வீட்டில் விசாரிக்கப்படும் எவருடைய மனத்திலும் அப்போது ஓடுவது “என்னைத்தான் சந்தேகப்படுகிறார்கள்” என்பதாகவே இருக்கும். ஆழத்துக்குப் போக முயன்றால் அவருக்குத் தெரிந்துவிடும். அத்துமீறலாகவும் அதை எடுத்துக்கொள்வார்.

உப்பளத்தான்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். உங்கள் எல்லாருடைய சொல்லையும் எடுத்துக்கொண்டு வழக்கைப் புதிதாக எழுதினேன்: அதே கிடங்கு, வேறொரு வணிகர். கொலைகாரன் அவர் மகனுடைய தோற்றத்தில் வந்தான். கிளெரிக் வழக்கம்போல் முதல் வேலையாகச் சாம்பிராணி போட்டார். உரையாடலை என் குறிப்பேட்டிலிருந்து அப்படியே தருகிறேன்.

“உங்களைக் கொன்றது யார்?” “என் மகன்.” ஆட்டக்காரர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள், வழக்கு முடிந்தது என்றே நினைத்தார்கள்.

மகனை வட்டத்தில் நிறுத்தினார்கள். அவன் மந்திரத்துக்கு உட்பட்டுவிட்டதைப் பாலடின் உணர்ந்தார். “நான் கொல்லவில்லை” என்றான் அவன். “அன்றிரவு எங்கே இருந்தாய்?” என்ற கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை. பாலடின் வாள்பிடியில் கைவைத்தார். அப்போது கிளெரிக், “பொறுங்கள், எனக்கு இன்னும் நான்கு கேள்விகள் இருக்கின்றன; பத்து நிமிடமும் முடியவில்லை” என்று சொல்லிப் பிணத்தின் பக்கம் திரும்பினார்.

“கதவை ஏன் திறந்தீர்கள்?” “தட்டினான். மகன்.”

“என்ன சொன்னான்?” “பேசவில்லை.”

“எதனால் குத்தினான்?” “கத்தி.” இந்தக் கேள்வி வீண் என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். காயத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு கேள்வி மீந்திருந்தது. நால்வரும் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தமக்குள் ஏறத்தாழ கால் மணி நேரம் பேசிக்கொண்டார்கள். ஆட்டத்துக்குள் நேரத்தை நான் நிறுத்தி வைத்தேன். திரும்பி வந்ததும் கிளெரிக் கேட்டது: “உங்கள் கை கடைசியாக எதைத் தொட்டது?”

அதற்கான விடை என் குறிப்பில் இல்லை. ‘டிஸ்கைஸ் செல்ஃப்’ விதியில், தோற்றத்தில் மட்டும் இருப்பதைத் தொட்டால் கை ஊடுருவிப் போகும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. அவர் மகனுக்கு நெஞ்சுவரை தாடி என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

“தாடியைப் பிடித்தேன்” என்றது பிணம். “கையில் தாடி இல்லை.”

மணி 11.50. அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால், நகரத்தில் தாடியில்லாத மந்திரவாதிகள் எத்தனை பேர் என்று பாலடின் எனக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறார்.